கால் மடக்கி உட்கார முடிகிறதா?

இன்று காலை படுக்கையை விட்டு எழுந்தது முதல் பள்ளி மணி அடிக்கும் வரை உங்கள் முழங்கால் எத்தனை முறை மடங்கி நிமிர்ந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள். பாயிலிருந்து எழுந்தீர்கள். கழிப்பறையில் குந்தி உட்கார்ந்தீர்கள். வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளித்தீர்கள். சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலை வாரி, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டீர்கள். பேருந்துப் படியில் ஏறினீர்கள். இவற்றை எல்லாம் ஒரு வேலையாகவே நீங்கள் கருதியிருக்க மாட்டீர்கள். மூட்டு நலமாக இருக்கும்வரை, அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இனி ஒரு சிறுமியைக் கற்பனை செய்துகொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டிப் பாகலூர் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் ரோஜாத் தோட்டங்களும் காய்கறி வயல்களும் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் பேருந்து ஏறுகிறார்கள். நம் சிறுமி அவ்வூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதங்களாக நாள்தோறும் தாமதமாகப் பள்ளிக்கு வருகிறாள். காலை வழிபாட்டில் நிற்கும்போது ஒரு காலை ஊன்றாமல் சாய்ந்து நிற்கிறாள். ஆனால் பிற்பகலில் தோழிகளுடன் ஓடி விளையாடுகிறாள். "காலையில் நடக்க முடியாதவள் மத்தியானம் எப்படி ஓடுகிறாள்? எல்லாம் சோம்பல்" என்கிறார்கள் பார்த்தவர்கள்.

அவர்கள் சொல்வது சரியா? இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவர்கள் கையாளும் வழிகளையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அவற்றுள் பலவற்றிற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பார்க்கக் கண்ணும், கேட்கக் காதும், கொஞ்சம் கணக்கும் போதும்.

காலை விறைப்பு ஏன்?

இரண்டு எலும்புகள் கூடும் இடம் மூட்டு. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அச்சவ்வு சுரக்கும் நீரே வண்டிச் சக்கரத்துக்கு மசகு எண்ணெய்போல் மூட்டுக்குப் பயன்படுகிறது.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காப்புப் படை சில குழந்தைகளிடம் தவறிப்போய்ச் சொந்த மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் மிகுதியாகச் சுரக்கிறது, மூட்டு வீங்கிச் சூடாகிறது. இதுவே மூட்டழற்சி. 16 வயது நிறையுமுன் தொடங்கி, குறைந்தது 6 வாரங்கள் நீடித்து, வேறு காரணம் எதுவும் காணப்படாவிட்டால், அதை இளம்பருவ மூட்டழற்சி என்று அழைப்பார்கள். 1897-இல் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டில் என்ற ஆங்கில மருத்துவர் 22 குழந்தைகளைக் கவனித்து, இது பெரியவர்களின் முடக்குவாதத்திலிருந்து வேறுபட்டது என்று எழுதினார். மூட்டுநோய் முதியோருக்கு மட்டுமே வரும் என்று நாம் நினைப்பது தவறு என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

இரவெல்லாம் மூட்டு அசையாமல் கிடக்கும்போது அழற்சி கொண்ட சவ்வில் நீர் தேங்குகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் பின்னிரவில் உடலில் கூடுகின்றன. ஆகவே காலையில் மூட்டு இறுகிக் கிடக்கும். அசைய அசைய இறுக்கம் தளரும். காலையில் நொண்டியவள் மதியம் ஓடுவது நடிப்பன்று. அது அந்நோயின் இயல்பு. ஆயினும் ஒரு வேளை மட்டும் பார்த்தவருக்கு இது புரியாது. மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நின்று, மருத்துவர் முன் உட்காரும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டால், அவர் கண்ணுக்கும் மூட்டு ஓரளவு நலமாகத் தோன்றக்கூடும்.

இரத்தச் சோதனை போதாதா?

"இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா? எக்ஸ்ரே எடுத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இவை தேவையானவைதாம். ஆனால் இளம்பருவ மூட்டழற்சி உள்ள குழந்தைகள் பலரிடம் இரத்தச் சோதனை முடிவுகள் இயல்பாகவே இருக்கக்கூடும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு அரிப்புத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மேலும், ஒரே அளவு வீக்கம் உள்ள இரு குழந்தைகளில் ஒருத்தி நாள்தோறும் பள்ளிக்குப் போகிறாள், மற்றவள் போவதில்லை. இந்த வேறுபாட்டை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது.

உலக நல நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஒரு வகைப்பாடு இதைத் தெளிவாக்குகிறது. ஒரு நோயின் விளைவை மூன்று படிகளில் பார்க்கவேண்டும். முதற்படி உடல்: முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது? இரண்டாம் படி செயல்: அவளால் குந்தி உட்கார்ந்து எழ முடிகிறதா? மூன்றாம் படி வாழ்க்கையில் பங்கு: பள்ளிக்கும் விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் மற்றவர்களைப்போல் போகிறாளா?

இவ்வாறு பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பான செய்தி புலப்படும். நாற்காலியில் உட்கார முழங்கால் 90 பாகை மடங்கினால் போதும். குந்தி உட்கார அதைவிட மிக அதிகம் மடங்கவேண்டும்; நலமான முழங்கால் ஏறத்தாழ 140 பாகை வரை மடங்கும். ஒரு குழந்தையின் முழங்கால் 110 பாகைக்கு மேல் மடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலண்டனில் நாற்காலியிலும் உயரக் கழிப்பறையிலும் பழகிய குழந்தைக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. பாகலூரில் தரைக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குழந்தைக்கோ பள்ளியில் ஒரு நாளைக் கழிப்பதே துன்பமாகிவிடும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டுமே என்று அஞ்சி, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவாள். உடலில் ஒரே குறை. வாழ்க்கையில் இரு வேறு விளைவுகள்.

இரண்டு நிமிடப் பார்வை

முதலில் பார்ப்பது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஹெலன் ஃபாஸ்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஓர் எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். நடை, கை, கால், முதுகுத்தண்டு ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்ப்பதே அம்முறை. பள்ளிப் பருவக் குழந்தைகளுக்கு இதைச் செய்து முடிக்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும்.

முதலில் மூன்று கேள்விகள்: மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி அல்லது விறைப்பு உண்டா? பிறர் உதவியின்றி உடை உடுத்த முடிகிறதா? படியேறி இறங்க முடிகிறதா?

பிறகு செயல்கள். குழந்தை நடந்து காட்டவேண்டும், நுனிக்காலில் நடக்கவேண்டும், குதிகாலில் நடக்கவேண்டும். கைகளை முன்னே நீட்டி, திருப்பி, முட்டி மடக்கிக் காட்டவேண்டும். கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனியைத் தொடவேண்டும். வணக்கம் சொல்வதுபோல் உள்ளங்கைகளைச் சேர்க்கவேண்டும். பிறகு புறங்கைகளைச் சேர்க்கவேண்டும். கைகளை உயர்த்தி வானைத் தொட முயலவேண்டும்; கூரையை அண்ணாந்து பார்க்கவேண்டும்; கைகளைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோகவேண்டும். காதைத் தோளோடு சேர்க்கவேண்டும். வாயைத் திறந்து தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நுழைத்துக் காட்டவேண்டும். குனிந்து கால் விரல்களைத் தொடவேண்டும்.

வாய்க்குள் விரல் எதற்கு என்று வியக்கிறீர்களா? காதுக்கு முன்னால் தாடையிலும் ஒரு மூட்டு உண்டு. அங்கே அழற்சி வந்தால் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாமலே இருக்கலாம். ஆனால் வாய் முழுதும் திறக்காது. நாளடைவில் தாடை வளர்ச்சி குன்றும்.

சிறு குழந்தைகள் வலியைச் சொல்லத் தெரியாதவர்கள். சில செயல்களைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள். அல்லது வேறு விதமாகச் செய்துகொள்வார்கள். மணிக்கட்டு மடங்காத குழந்தை தரையில் கையூன்றி எழும்போது, உள்ளங்கையை விரிக்காமல் முட்டியை மடக்கி ஊன்றும். பழகிய கண் அதைக் கண்டுகொள்ளும்.

கோணம், நீளம், தூரம்

அடுத்து அளப்பது. உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கும் கோணமானியின் அண்ணன் ஒன்று மருத்துவரிடம் இருக்கிறது. அதில் இரண்டு நீண்ட கைகள் உண்டு. ஒரு கையைத் தொடையின் நீளவாக்கிலும், மற்றொன்றைக் கெண்டைக்காலின் நீளவாக்கிலும் வைத்து, முழங்கால் மடங்கும் கோணத்தைப் படிக்கிறார்.

கால்களின் நீளத்தை இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்புறக் கணுக்கால் வரை அளவுநாடாவால் அளக்கிறார். இதில் ஒரு விந்தை உண்டு. ஒரு முழங்காலில் மட்டும் அழற்சி நீடித்தால், அங்கே இரத்த ஓட்டம் மிகுந்து, அருகிலுள்ள எலும்பு வேகமாக வளர்கிறது. நோயுற்ற கால் மற்றக் காலைவிட நீண்டுவிடுகிறது! வளரும் பருவத்தில் மட்டுமே இவ்வாறு நிகழும்.

கைப்பிடியின் வலிமையை அளக்க இரத்த அழுத்தமானியே போதும். அதன் பட்டையைச் சுருட்டி, சிறிது காற்றடைத்து, குழந்தையைப் பிசையச் சொன்னால், பாதரசமோ முள்ளோ எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

நடையை அளக்க 30 மீட்டர் நீளமுள்ள சமமான தாழ்வாரம் வேண்டும். குழந்தை 6 நிமிடம் தன்னால் இயன்ற அளவு வேகமாக நடக்கும், ஓடக்கூடாது. எத்தனை மீட்டர் நடந்தது என்பதே அளவு. இதய, நுரையீரல் நோயாளிகளுக்காகப் பரவலாக வழங்கும் இச்சோதனை மூட்டுநோய்க் குழந்தைகளுக்கும் பயன்படுகிறது.

முப்பது கேள்விகள்

இனிக் கேட்பது. 1994-இல் சிங், அத்ரேயா, ஃப்ரைஸ், கோல்ட்ஸ்மித் என்ற நால்வர் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான உடல்நல மதிப்பீட்டு வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கென ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ரைஸும் அவருடைய குழுவினரும் 1980-இல் வெளியிட்ட பட்டியலைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்ததே இது.

இதில் 30 செயல்கள் 8 பிரிவுகளாகத் தரப்பட்டுள்ளன: உடுத்தல், எழுதல், உண்ணல், நடத்தல், தூய்மை செய்துகொள்ளல், எட்டி எடுத்தல், பிடித்தல், அன்றாட நடவடிக்கைகள். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு செயலும் எப்படி இருந்தது என்று குழந்தையோ பெற்றோரோ சொல்லவேண்டும். சிரமம் இல்லை என்றால் 0. சிறிது சிரமம் என்றால் 1. மிகுந்த சிரமம் என்றால் 2. முடியவே இல்லை என்றால் 3. வயதுக்குப் பொருந்தாத செயலை விட்டுவிடலாம். மூன்று வயதுக் குழந்தையால் சட்டைப் பொத்தான் போட முடியாதது நோயன்று அல்லவா?

கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் மிக அதிகமான எண்ணையே அப்பிரிவின் மதிப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும். தூய்மைப் பிரிவில் பல் துலக்க 0, தலை வார 0, குளிக்க 1, கழிப்பறையில் உட்கார்ந்தெழ 2 என்றால் பிரிவின் மதிப்பு 2. சராசரி எடுத்தால் அந்தப் பெரிய துன்பம் சிறிய எண்களுக்குள் மறைந்துபோகும். ஒரு பிரிவிலுள்ள செயல்களுக்குப் பிறர் உதவியோ ஊன்றுகோல் போன்ற கருவியோ தேவைப்பட்டால், அப்பிரிவுக்குக் குறைந்தது 2 தரவேண்டும். பிறகு எட்டு மதிப்புகளையும் கூட்டி 8-ஆல் வகுக்கவேண்டும்.

நம் கற்பனைச் சிறுமிக்கு இதைச் செய்து பார்ப்போம். உடுத்தல் 1, எழுதல் 2, உண்ணல் 0, நடத்தல் 1, தூய்மை 2, எட்டி எடுத்தல் 0, பிடித்தல் 1, நடவடிக்கைகள் 1. கூட்டினால் 8. எட்டால் வகுத்தால் 1.0. இந்த எண் 0-இலிருந்து 3 வரை போகலாம். 0 என்றால் இடர் இல்லை. 3 என்றால் எதுவும் இயலவில்லை.

மூன்று மாத சிகிச்சைக்குப் பின் மீண்டும் கேட்கிறோம்: 1, 1, 0, 0, 1, 0, 0, 1. கூட்டினால் 4. வகுத்தால் 0.5. அவளுடைய இடர் பாதியாகக் குறைந்திருக்கிறது. "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக நமக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது.

இந்த எண்ணுக்கு மருத்துவ உலகம் தரும் மதிப்பு சிறிதன்று. ஒரு மருந்து மூட்டழற்சிக் குழந்தைகளுக்குப் பயன் தருகிறதா என்று முடிவு செய்ய 1997-இல் ஆறு அளவைகள் ஏற்கப்பட்டன. மருத்துவரின் மொத்த மதிப்பீடு, பெற்றோர் அல்லது குழந்தையின் மதிப்பீடு, செயல்திறன், அழற்சியுள்ள மூட்டுகளின் எண்ணிக்கை, அசைவு குறைந்த மூட்டுகளின் எண்ணிக்கை, இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம் ஆகியவை அவை. இவற்றில் மூன்றாவது 30 விழுக்காடு முன்னேறவேண்டும். அந்த அளவுக்கு மோசமானது ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. சோதனைக்கூடத்தில் அளப்பது ஆறில் ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா? குழந்தையும் பெற்றோரும் சொல்லும் சொல்லுக்கு அதற்குச் சமமான இடம் இருக்கிறது.

கேள்வி நம் முற்றத்துக்கு வரும்போது

ஆனால் ஒரு சிக்கல். மூலப்பட்டியலில் குளியல் தொட்டி வருகிறது. இறைச்சியைக் கத்தியால் வெட்டித் தின்பது வருகிறது. கார் கதவைத் திறப்பது வருகிறது. களி உருட்டிச் சாப்பிடும் குழந்தையிடம் கத்தியைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? எனவே ஒவ்வொரு நாட்டிலும் இப்பட்டியலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அந்நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, நலமான குழந்தைகளிடமும் நோயுற்ற குழந்தைகளிடமும் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். 32 நாடுகளுக்கு இவ்வாறு செய்த பெரும் பணி 2001-இல் வெளியாயிற்று. நம் ஊருக்கு என்றால், குந்தி உட்காருதல், சம்மணமிடுதல், குடம் தூக்குதல், கைப்பம்பு அடித்தல் போன்றவை கேள்விகளாகவேண்டும்.

மொழியும் எளிதன்று. பாகலூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்றும் பேசும் குழந்தைகள் உண்டு. தமிழிலேயே கூட "விறைப்பு" என்று கேட்டால் பல தாய்மார்களுக்குப் புரியாது. "காலையில கால் புடிச்சுக்குதா?" என்றால் உடனே தலையசைப்பார்கள். குடைச்சல், உளைச்சல், இழுப்பு, மதமதப்பு எல்லாம் வலியின் வெவ்வேறு வகைகள். எந்தச் சொல்லில் கேட்கிறோமோ, அதற்குத் தக்கபடியே விடை வரும். ஆகவே பட்டியலைத் தயாரிப்பவருக்கு மருத்துவ அறிவோடு மக்கள் பேச்சும் தெரிந்திருக்கவேண்டும்.

நிலத்தடி நீரும் நம் எலும்பும்

குனிந்து தொடும் இதே எளிய சோதனை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியமானது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது. இப்பகுதியின் கடினப் பாறைகளில் ஃபுளோரின் கலந்த கனிமங்கள் உள்ளன. ஆழ்துளைக் கிணற்று நீர் நெடுங்காலம் பாறையோடு உறவாடி அதைக் கரைத்துக்கொள்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால், வளரும் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் விழுகின்றன. எலும்பிலோ, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கவேண்டிய இடத்தை ஃபுளோரைடு பிடித்துக்கொள்கிறது. எலும்பு தடிக்கிறது, மூட்டுகளைக் கட்டும் நார்களிலும் சுண்ணாம்புச் சத்து படிகிறது, கழுத்தும் முதுகும் வளையாமல் போகின்றன.

இந்தியாவில் மனிதரிடம் இந்நோயை விரிவாக ஆராய்ந்து 1937-இல் வெளியிட்டவர்கள் ஷார்ட்டும் அவருடைய குழுவினரும். ஆய்வு நடந்த இடம் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதி. 1973-இல் ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசாமி இருவரும் நல்கொண்டா பகுதியில் இளம்வயதினரின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டி வளைந்திருப்பதை எழுதினார்கள்.

ஃபுளோரைடு நோயைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2008-09-இல் தொடங்கியது. களப்பணியாளர்களுக்கு அதில் மூன்று எளிய உடற்சோதனைகள் சொல்லித்தரப்படுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடமுடிகிறதா? முகவாயால் மார்பைத் தொடமுடிகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொடமுடிகிறதா? இவ்வளவே. முடியாதவருடைய குடிநீரையும் சிறுநீரையும் சோதித்து, தேவையானால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

மூட்டழற்சிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மூட்டழற்சிக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. காலத்தே தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரலாம். ஃபுளோரைடால் இறுகிப்போன எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. இங்கே மருந்து நீர்தான். 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருவது இதற்காகவே. உணவில் கால்சியம் நிறைந்திருந்தால் ஃபுளோரைடு குடலில் ஏறுவது குறைகிறது. நம் பக்கத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. களியை ஏளனம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அளவுகோலின் எல்லை

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. குனிய முடியாமைக்குத் தொடைத் தசை இறுக்கமும் காரணமாகலாம். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் சற்று முட்டி நிற்பது இயல்பு. ஏழு வயதுக்குள் அது பெரும்பாலும் நேராகிவிடும். இரவில் இரு கால்களும் வலித்து, காலையில் ஒன்றுமில்லாமல் ஓடும் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் தீங்கற்ற வளர்பருவ வலி. காலையில் விறைப்பும், ஒரு மூட்டில் வீக்கமும் இருந்தால்தான் கவலைப்படவேண்டும். வினாப்பட்டியலில் 0 பெற்ற குழந்தைக்கும் கபடி ஆட முடியாமல் இருக்கலாம். பட்டியலில் கபடி இல்லையே! தாய் சொல்லும் விடையும் குழந்தை சொல்லும் விடையும் மாறுபடலாம். அப்போது இருவரையும் கேட்பதே முறை. மற்றொன்று: மூட்டழற்சி உள்ள சில குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளேயும் அழற்சி வரும். வலியோ சிவப்போ இருக்காது. பார்வை மட்டும் மெல்லக் குறையும். இதை எந்த உடற்சோதனையும் காட்டாது. கண் மருத்துவரிடம் குறித்த காலத்தில் போகவேண்டும்.

செய்து பாருங்கள்

தடித்த அட்டையில் 30 சென்டிமீட்டர் நீளத்தில் இரு பட்டைகள் வெட்டுங்கள். கோணமானியின் நடுப்புள்ளியில் ஒரு முனைகள் சேருமாறு குண்டூசியால் பொருத்துங்கள். நண்பனைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, முழங்காலை அவனாகவே மடக்கவிட்டு அளந்து பாருங்கள். கால் நேராக இருக்கும்போது 0 பாகை. ஐந்து பேரை அளந்து அட்டவணை போடுங்கள். ஒருவரையே மூன்று முறை அளந்து, எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்றும் பாருங்கள். அந்த வேறுபாட்டைவிடச் சிறிய முன்னேற்றத்தை உங்கள் கருவியால் நம்பிச் சொல்ல முடியாது. இது மருத்துவரின் கருவிக்கும் பொருந்தும்.

அடுத்து, நீங்கள் காலை முதல் இரவு வரை செய்யும் 20 செயல்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த மூட்டு வேலை செய்கிறது என்று எதிரே எழுதுங்கள். நம் ஊருக்கான வினாப்பட்டியலின் முதல் வரைவு உங்கள் கையில் இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். இச்சோதனைகளைக் கொண்டு யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். அது மருத்துவர் வேலை. வகுப்பில் யாராவது காலையில் நொண்டினாலோ, தரையில் உட்காரத் தயங்கினாலோ, எழுதும்போது அடிக்கடி கையை உதறினாலோ ஆசிரியரிடம் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அக்குழு பார்த்து, தேவையானால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும். பெற்றோர் போகும்போது எந்த நேரத்தில் எந்தச் செயல் முடியவில்லை என்று ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போகட்டும். நண்பகலில் பார்க்கும் மருத்துவருக்குக் காலை ஆறு மணியைக் காட்டக்கூடியது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.

நம் கற்பனைச் சிறுமிக்கு வேண்டியிருந்ததும் அதுவே. அவளைச் சோம்பேறி என்றவர்கள் பொய் சொல்லவில்லை. பிற்பகலை மட்டும் பார்த்தார்கள். காலையில் எழும்போது எப்படி இருக்கிறது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நாளைக் காலை உங்கள் வகுப்பில் யாராவது தாமதமாக வந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.